அன்புக்கும் விதிமுறை வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. கோயில் வளாகத்தின் தென்கோடியில், கைவிடப்பட்ட பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், அருட்சகோதரிகள் மூவர் அதை நடத்தி வந்தனர். ஏறத்தாழ முப்பது முதியவர்கள் அங்கே அடைக்கலம் பெற்றிருந்தனர். பங்குத்தந்தை என்ற முறையில் நிர்வாகக் குழுவின் தலைமை நம்மிடம் இருந்தது.

ஒரு நாள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். நாடாவை விரித்து அறைகளை அளந்தார்; சமையற்கட்டைப் பார்த்தார்; மருந்து கொடுக்கும் பதிவேட்டைக் கேட்டார்; இரவில் விழித்திருப்பவர் யார் என்று வினவினார். போகும்போது ஏழு குறைகளை எழுதிக் கொடுத்துச் சென்றார். குளியலறையிலும் கழிப்பறையிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்பது அவற்றுள் இரண்டாவது. இரவுப் பணிக்கு ஆள் இல்லை என்பது மூன்றாவது.

இல்லத் தலைவி நம்மிடம் மனம் நொந்து பேசினார்: "ஃபாதர், பெற்ற பிள்ளைகளே தெருவில் விட்டுப் போனவர்களை நாங்கள் எடுத்து வைத்துப் பார்க்கிறோம். இதற்கும் அரசாங்கம் வந்து அளவு சொல்ல வேண்டுமா? அன்புக்கும் விதிமுறை வேண்டுமா?" அவருடைய கேள்வி அன்று நமக்கு முற்றிலும் நியாயமாகவே பட்டது. நிதி வசதி வாய்த்ததும் ஆவன செய்யப்படும் என்று ஒரு பதில் கடிதம் எழுதி அனுப்பினோம். அவ்வாண்டுத் திருவிழாவிற்குக் கொடிமரத்திற்குப் புதிய பித்தளைக் கவசம் போட்டோம். குளியலறைக் கம்பி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிற்று.

பதினொரு மாதங்கள் கழித்து, மழைக்கால இரவு ஒன்றில், அந்த இல்லத்துப் பெரியவர் ஒருவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார். இளமையில் கட்டுமரத்தில் நின்றபடியே அலைகளைக் கடந்தவர் அவர். அதிகாலைச் செபத்திற்குச் சகோதரிகள் எழுந்த பின்னரே அவர் ஈரத் தரையில் கிடப்பது தெரிந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. இரண்டு மாதங்களில் இறைவனடி சேர்ந்தார். நற்கருணை கொண்டு சென்ற ஒரு நாள் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "யாரையும் குறை சொல்லாதீங்க சாமி. பிடிக்க ஒண்ணும் இல்ல, அதான்."

அவர் நம்மை மன்னித்துவிட்டார். ஆனால் அவருடைய அச்சொற்கள் நம்மை விடவில்லை. அன்புக்கும் விதிமுறை வேண்டுமா என்ற கேள்வியை அன்றிலிருந்து வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினோம். அந்தச் சிந்தனையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

முதியோர் பராமரிப்புக்கென்று நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் என்பது அதன் பெயர். தம்மைத்தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் விதிக்கலாம். பேணுவதாக வாக்களித்துச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பின்னர் கைவிட்டால், அந்தச் சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்க 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் அவரை ஓரிடத்தில் கைவிட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 24-ஆம் பிரிவு.

முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசுவது 19-ஆம் பிரிவு. மாவட்டத்திற்குக் குறைந்தது ஒன்று என்ற கணக்கில் தொடங்கி, ஆதரவற்ற முதியவர் 150 பேருக்குக் குறையாமல் இடமளிக்கும் இல்லங்களை மாநில அரசு படிப்படியாக நிறுவலாம் என்று அது கூறுகிறது. "நிறுவலாம்" என்பதைக் கவனிக்க வேண்டும். "நிறுவ வேண்டும்" என்று சொல்லப்படவில்லை. மைய அரசு வகுத்தளித்த மாதிரி விதிகளில் இல்லங்களுக்குரிய அளவுகள் உள்ளன. படுக்கும் இடம் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், போதிய தண்ணீர், உடல் ஊனமுற்றோர் பயன்படுத்தத்தக்க கழிப்பறைகள், நோயாளிகளுக்குத் தனி அறை, படிக்க நூல்கள், தடையின்றி நடமாடச் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும். கைப்பிடிக் கம்பி என்ற சொல்லை அந்த விதிகளில் படித்தபோது நாம் தலை குனிந்தோம்.

முதியோர் இல்லங்கள் யாவும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வரையறுக்கப்பட வேண்டும் என்ற நோக்குடன் 2019-இல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமாயிற்று. அது சட்டமாகாமலேயே, 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததோடு காலாவதியாகிவிட்டது.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அமெரிக்கா சென்று குடியேறியிருக்கிறார்கள். அங்கே நிலைமை எப்படி என்று அவர்களைக் கேட்டறியலாம். முழு நேர மருத்துவச் செவிலியர் பணி தேவைப்படும் முதியவர்களுக்கான இல்லங்கள் அங்கே ஒருவகை. குளிக்க, உடுக்க, மருந்து உட்கொள்ள மட்டும் துணை தேவைப்படுவோர் தங்கும் உதவி வாழ்வு இல்லங்கள் மற்றொரு வகை. முதல்வகை இல்லங்களுள் அரசின் மருத்துவ உதவி நிதியைப் பெறுபவற்றுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதற்கும் பொதுவான விதிகள் உண்டு. முன்னறிவிப்பின்றிச் சோதனை நடைபெறும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. மருத்துவத் தேவையின்றி முதியவரைக் கட்டிவைக்கக் கூடாது. பழிவாங்கப்படும் அச்சமின்றிக் குறை சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இரண்டாம் வகை இல்லங்களுக்கோ அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கென விதி வகுத்துக்கொள்கின்றன. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற இயலாத இல்லம் பக்கத்து மாநிலத்தில் தடையின்றி நடக்கலாம். செல்வம் மிகுந்த நாட்டிலும் முதியவரின் பாதுகாப்பு அவர் எந்த எல்லைக்குள் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

விதிகள் பிறக்கும் இடம்

விதிகள் அலுவலகத்து மேசையில் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான விதிகள் மனிதரின் சாவிலிருந்து பிறந்தவை என்பதை வரலாறு காட்டுகிறது.

2017 செப்டம்பரில் இர்மா என்னும் சூறாவளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. தென்புளோரிடாவில் இருந்த முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் குளிர்சாதனத்துக்கு வரும் மின்சாரம் நின்றுபோயிற்று. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போனது. சாலையைக் கடந்தால் குளிர்ந்த அறைகளோடு ஒரு மருத்துவமனை. ஆயினும் முதியவர்கள் உரிய நேரத்தில் அங்கே கொண்டுசெல்லப்படவில்லை. பன்னிரண்டு பேரின் இறப்புக்கு அந்த வெப்பமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அதன் பிறகுதான், 2018-இல், மின்சாரம் நின்றாலும் 96 மணி நேரம் வரை வெப்பநிலை 81 பாரன்ஹீட் பாகைக்கு, அதாவது ஏறக்குறைய 27 செல்சியஸ் பாகைக்கு, மேல் போகாதபடி காக்கும் மின்னாக்கி ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் இருக்க வேண்டும் என்ற விதி அம்மாநிலத்தில் உறுதியாயிற்று. உதவி வாழ்வு இல்லங்களும் அதற்கு உட்பட்டன.

தொலைநாட்டுக்குச் செல்வானேன்? 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? மனநலம் குன்றியவர்களுக்கான காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அத்தகைய காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. சட்டப் புத்தகத்தில் விதி இருந்தது. அந்தக் கொட்டகையின் வாசலுக்கு அது வந்து சேரவில்லை. தீ விபத்துக்குப் பின்னரே உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்த ஒரு வரியின் பின்னால் 28 உயிர்கள் நிற்கின்றன.

ஆகவே ஓர் அலுவலர் நம் இல்லத்திற்கு வந்து பட்டியல் நீட்டும்போது, அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் முன்னொருவர் பட்ட துன்பத்தின் சாட்சியமாகப் படிப்பதே முறை. நமது இல்லத்தில் நாம் அதைத் தாள் என்று மட்டுமே கண்டோம்.

மூன்று தடைகள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதலாவது, விதி அன்பைக் கொன்றுவிடும் என்பது. அலுவலரின் நாடா சுவரை அளக்குமேயன்றி, ஒரு சகோதரி இரவெல்லாம் நோயாளியின் பாதங்களைத் தடவிக் கொடுத்ததை அளக்காது. இதில் உண்மை உண்டு. பாதுகாப்பை மட்டுமே எண்ணும் விதி, முதியவரைச் சிறையிலிட்டு உயிரோடு வைத்திருக்கும் விதியாக மாறக்கூடும். அமெரிக்காவில் கேரன் பிரவுன் வில்சன் என்னும் பெண்மணிக்குப் பத்தொன்பது வயதானபோது, ஐம்பத்தைந்து வயதே நிரம்பிய அவருடைய தாய் பக்கவாதத்தால் விழுந்து முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அந்தத் தாய் மகளிடம் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: தனக்கென ஒரு சிற்றறை, ஒரு சிறிய சமையலிடம், உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு. பின்னாளில், 1980-களின் முற்பகுதியில், வில்சன் தம் கணவரோடு சேர்ந்து ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் அத்தகைய கதவுகள் உள்ள இல்லத்தை எழுப்பினார். உதவி வாழ்வு இல்லம் என்ற கருத்தே அமெரிக்காவில் பரவியதற்கு அது வழிகாட்டியாயிற்று. தாழிட்டுக்கொள்ளும் கதவு ஆபத்து என்று பலர் எச்சரித்தனர். மனிதமாண்பு அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிறது என்று அவர் கண்டார்.

நாம் இதிலிருந்து கற்கவேண்டியது என்ன? விதியே வேண்டாம் என்பதையன்று. விதி எதைக் காக்க வேண்டும் என்பதையே கற்க வேண்டும். விழாமலிருக்கக் கம்பி வேண்டும். அதே வேளையில், தனியாகக் காலைத் திருப்பலிக்கு நடந்துவர விரும்பும் பாட்டியைக் கதவடைத்து உட்கார வைக்கவும் கூடாது. முழுமையான பாதுகாப்பு கல்லறையில்தான் கிடைக்கும். உயிரோடிருப்பவருக்குச் சற்றே ஆபத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு. ஓய்வுநாள் மனிதருக்காகவே என்று ஆண்டவர் போதித்தது ஓய்வுநாளை ஒழிப்பதற்காக அன்று. அதன் நோக்கத்தை நிலைநாட்டுவதற்காக. முதியோர் இல்ல விதிகளுக்கும் அந்த அளவுகோலே பொருந்தும்.

இரண்டாவது தடை பணம். ஏழை இல்லங்கள் இத்தனை விதிகளையும் நிறைவேற்ற முடியாமல் மூடிவிட்டால், முதியவர்கள் மீண்டும் தெருவுக்குத்தானே வருவார்கள்? கம்பியில்லாத குளியலறை பேருந்து நிலையத்து நடைமேடையை விட மேல் அல்லவா? இது வலுவான வாதம். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. விதி செய்வோர் சிறிய இல்லத்தையும் பெரிய நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. புளோரிடா விதியும்கூட, பதினாறு படுக்கைகளும் அதற்குக் குறைவாகவும் உள்ள உதவி வாழ்வு இல்லங்கள் 48 மணி நேரத்திற்கான எரிபொருளைச் சேமித்து வைத்தால் போதும் என்கிறது. அதற்கு மேற்பட்டவை 72 மணி நேரத்திற்குச் சேமிக்க வேண்டும். இத்தகைய வேறுபாடு நீதியானது. ஆயினும் நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்: பணமில்லை என்பது எப்போதும் உண்மைதானா? நம் பங்கில் கம்பிக்குப் பணமில்லாதபோது கொடிமரத்துக் கவசத்துக்குப் பணம் இருந்தது. விபத்துக்குப் பின் அந்தக் கம்பிகளைப் பொருத்த ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மூன்று நாள் வேலைதான் இருந்தது. செலவு அந்தக் கவசத்தின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்றாவது தடையே ஆழமானது. நம் சகோதரியின் கேள்விக்குள் மறைந்திருந்ததும் அதுவே. நாம் செய்வது தருமம். கொடுப்பவரைக் கணக்குக் கேட்பது எப்படித் தகும்? இந்த எண்ணம் நல்லவர்களிடமே மிகுதியாக உண்டு. ஆதலால் இதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கட்டணம் செலுத்தி ஓர் இல்லத்தில் தங்கும் முதியவருக்குக் குறையிருந்தால் வேறு இல்லம் தேடிப் போகலாம். அவருடைய பணம் அவருக்கு ஓரளவு குரலைத் தருகிறது. இலவசமாக ஏற்கப்பட்டவருக்குப் போக வேறிடம் இல்லை. அதற்கும் மேலாக, அவருடைய நன்றியுணர்வே அவருடைய வாயைக் கட்டிவிடுகிறது. சோறு போடுகிறவர்களிடம் கழிப்பறை வழுக்குகிறது என்று எப்படிச் சொல்வது? நம் பெரியவர் விழுவதற்கு முன் ஒருமுறைகூட முறையிட்டதில்லை. விழுந்த பின்னும் முறையிடவில்லை. அவருடைய மௌனத்தை மனநிறைவு என்று நாம் எண்ணிக்கொண்டோம். ஆகவே இல்லம் எவ்வளவுக்கு இலவசமோ, எவ்வளவுக்குப் புனிதமோ, அவ்வளவுக்கு வெளியிலிருந்து வரும் கண் அதற்குத் தேவைப்படுகிறது. குரலற்றவரின் குரலாக அங்கே பேசுவது விதி ஒன்றே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய விதித்தொகுப்பு, தன் எட்டாம் எண்ணில் இதையே நமக்கு உணர்த்துகிறது. நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பின் கொடையாக வழங்கலாகாது. நீதியின் கடன்கள் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பது அதன் போதனை. பாதுகாப்பான தரை, சுத்தமான நீர், தாழிடக்கூடிய கதவு, இரவில் கூப்பிட்டால் வரும் ஓர் ஆள்: இவை முதியவருக்கு நீதியின்படி சேரவேண்டியவை. இவற்றைக் கொடுத்த பிறகே நம் அன்பு தொடங்குகிறது.

மரபின் குரல்

இக்கருத்து புதியதன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு ஒழுங்கு வகுத்தபோது, நோயாளிகளைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிவிடை செய்யப் பணித்தார். அத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தனி அறை இருக்க வேண்டும், இறையச்சமும் கவனமும் உள்ள பணியாளர் வேண்டும், குளிக்க வசதி வேண்டும் என்று வரையறுத்தார். அடுத்த அதிகாரத்தில் முதியவரையும் சிறுவரையும் பற்றிப் பேசுகிறார். இவ்விரு பருவத்தினர் மீதும் இரக்கம் கொள்வது மனித இயல்பே. ஆயினும் ஒழுங்கின் அதிகாரமும் அவர்களைக் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. துறவியரின் அன்பில் அவருக்கு ஐயமில்லை. ஆனாலும் களைத்துப்போன நாளிலும், மறதியான நாளிலும், எரிச்சலான நாளிலும் முதியவர் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா? அன்பு தளரும் நேரத்தில் தாங்கிக்கொள்ளவே ஒழுங்கு.

சட்டம் என்பதற்குப் புனித அக்குவினா தோமையார் தந்த இலக்கணத்தைக் குருமடத்தில் மனப்பாடமாகப் படித்தோம். பொதுநலனை நோக்கிப் பகுத்தறிவு வகுக்கும் ஒழுங்கு அது. சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவரால் அறிவிக்கப்படுவது. 'பேணும் பொறுப்பு' என்னும் சொல் அந்த இலக்கணத்திற்குள்ளேயே இருப்பதை அந்நாளில் நாம் கவனிக்கவில்லை. சட்டமும் பேணுதலும் எதிரெதிரானவை அல்ல என்பதை அது காட்டுகிறது. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முயலாது, பெரும்பாலோர் விலக்கக்கூடிய பெருந்தீமைகளையே தடுக்கும் என்றும் அவர் தெளிவுறுத்துகிறார். ஆகவே சட்டம் கேட்பது மிகக் குறைந்த அளவே. அந்தக் குறைந்த அளவையும் கொடுக்காமல் அன்பைப் பற்றிப் பேசுவது நமக்கு அழகாகாது.

இவையனைத்துக்கும் முந்தியது மறைநூல். இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில், புதிய வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு, எவனாவது அங்கிருந்து விழுந்தால், இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது. விழுந்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று மறைநூல் வாதிடவில்லை. வீட்டுக்காரன் நல்லவன், விருந்தோம்புபவன் என்றும் விலக்களிக்கவில்லை. சுவர் இருந்ததா என்பதே கேள்வி. எத்தனையோ முறை இந்த நூலைப் படித்திருக்கிறோம். பெரியவரின் அடக்கத்துக்குப் பின் ஒரு மாலையில் இவ்வசனம் நம் கண்ணில் பட்டபோதுதான் அது நமக்காக எழுதப்பட்டது என உணர்ந்தோம்.

விதியால் இயலாதது

விதியைப் புகழ்ந்து பேசினோம். அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடிக் கம்பி விழாமல் காக்கும், தனிமையிலிருந்து காக்காது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையைச் சட்டம் தண்டிக்கலாம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசாத பிள்ளையை எந்தச் சட்டம் தண்டிக்கும்? பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிக் கடமையிலிருந்து தப்பியவர்களை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். மாதந்தோறும் இல்லத்திற்குப் பணம் அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவதும் அவ்வகைக் காணிக்கையாகிவிடக் கூடும். தந்தைக்கு அறிவு தளர்ந்தாலும் பொறுமையோடிருக்கச் சீராக் பணிக்கிறார். அந்தப் பொறுமையை எந்த ஆய்வாளரும் பதிவேட்டில் குறிக்க முடியாது.

1839-இல் பிரான்சின் பிரித்தானி பகுதியில், பார்வையிழந்து வாதத்தால் நலிந்த ஒரு மூதாட்டியைப் புனித ழான் ஜுகான் தம் வாடகை வீட்டுக்கு அழைத்துவந்து, தம் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டார். அப்படித் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை இன்று உலகெங்கும், நம் நாட்டிலும், முதியவர்களைப் பேணி வருகிறது. தம் படுக்கையைக் கொடுக்கும்படி எந்த விதியும் எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதை அன்பு மட்டுமே செய்யும். ஆனால் அத்தகைய புனிதை எல்லா ஊரிலும் எல்லா இரவிலும் விழித்திருப்பதில்லை. மீதியுள்ள இரவுகளுக்கு விதி வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

பொதுநிலையினராகிய உங்கள்முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், அது யார் நடத்துவது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முன்னறிவிப்பின்றி மாலை வேளையில் சென்று பாருங்கள். வரவேற்பறையை விடக் கழிப்பறையைப் பாருங்கள். இரவில் விழித்திருப்பவர் யார், மருந்து கொடுத்ததை எதில் எழுதுகிறார்கள், தீப்பற்றினால் எந்த வழியாக வெளியேறுவது, குறையிருந்தால் முதியவர் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். சிலுவை தொங்கும் சுவர் என்பதற்காக இக்கேள்விகளை விட்டுவிடாதீர்கள். நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம், எடுத்துக்கொண்டாலும் கேளுங்கள்.

பங்குப் பேரவைகளுக்கு மற்றொரு வேண்டுகோள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோர் இல்லக் குறைகேட்பாளர் இருக்க வேண்டும் என்று 1978-இல் சட்டம் வந்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் அப்பணியில் இல்லங்களுக்குச் சென்று முதியவர்களோடு அமர்ந்து கேட்கிறார்கள். நம் பங்குகளிலும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், கட்டட வேலை அறிந்தவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர் எனச் சிறு குழு அமைத்தால் என்ன? ஆண்டுக்கு இருமுறை இல்லத்தைப் பார்வையிட்டு, முதியவர்களிடம் தனியே பேசி, ஆயருக்கு அறிக்கை தரலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் நிறுவிய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாள், ஒவ்வோர் ஆண்டும் சூலைத் திங்கள் நான்காம் ஞாயிறன்று வருகிறது. சால்வை போர்த்துவதோடு அந்நாளை முடித்துவிடாமல், அந்தப் பார்வையீட்டுக்கு அதைத் தேர்ந்துகொள்ளலாம். உதவி தேவைப்படும் முதியவர்களுக்கென நாடு முழுவதும் இயங்கும் 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும், இல்லத்தின் நடைவழியிலும், முதியவர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

அந்தப் பங்கிலிருந்து நாம் மாற்றலாகி வருமுன், இரவுப் பணிக்கு ஊர்ப் பெண்மணி ஒருவர் அமர்த்தப்பட்டார். மருந்துப் பதிவேட்டை இல்லத் தலைவியே நாள் தவறாமல் எழுதினார். அடுத்த முறை அலுவலர் வந்தபோது, அவர் கேட்குமுன்பே சகோதரி அதை எடுத்து நீட்டினார். அவருடைய அன்பு அதனால் குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை. இரவில் சற்று நிம்மதியாக உறங்குகிறேன், ஃபாதர் என்று மட்டும் சொன்னார்.

கழிப்பறைக் கம்பிகளில் ஒன்றை, விடைபெறும் நாளில் நாம் பிடித்துப் பார்த்தோம். அதற்குள் பல கைகள் பட்டு அது வழவழப்பாகியிருந்தது. காலம் கடந்து வந்த கம்பி அது. நம் வீடுகளின் மேலும் இல்லங்களின் மேலும் அத்தகைய பழி இனி வராதிருக்க, முதியவரான சிமியோனையும் அன்னாவையும் தம் கோயிலில் காத்து வைத்திருந்த இறைவன் நமக்கு விழிப்பைத் தருவாராக.